கிட்டார் வாசித்தவர் யார்?

மேனிலை இரண்டாம் ஆண்டு பாடற்குழு மாணவியர்

ஒரு பாட்டைக் கேட்டவுடன் பாடியவர் யார் என்று சொல்லிவிடுகிறோம். இசையமைத்தவர் யார் என்றும், சற்றே யோசித்தால் எழுதிய கவிஞர் யார் என்றும் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தப் பாட்டின் நடுவே இனிமையாகக் கிட்டார் வாசித்தவர் யார் என்று எவரேனும் கேட்டால் விழிக்கிறோம். சென்ற ஆண்டு வரை நாங்களும் அப்படி விழித்தவர்கள்தாம். விழித்ததோடு நில்லாமல் ஒரு பிழையும் செய்தோம். அந்தப் பிழையையும், அதனால் நாங்கள் அறிந்துகொண்ட ஒரு கலைஞரின் வாழ்வையும் சொல்லவே இக்கட்டுரை. சிறியவர்கள் நாங்கள் எழுதுவதில் குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் பாடற்குழுவில் பாடுவோர் ஐவர். கிட்டார் வாசிப்பவள் ஒருத்தி. அவளுடைய கிட்டார் பெங்களூரில் வேலை பார்த்த மாமா கொடுத்தது. தந்தி முறுக்கும் ஆணிகளில் ஒன்று உடைந்துபோனதால், அதைத் திருக ஒரு சிறு குறடு எப்போதும் அவள் பையில் இருக்கும். முதல் வெள்ளித் திருப்பலியானாலும் பள்ளியின் காலை வழிபாடானாலும் அவள் ஓரமாக ஒரு முக்காலியில் அமர்ந்திருப்பாள். சுருதி கொடுப்பவள் அவளே. நாங்கள் சுருதி தவறினால் சற்று அழுத்தி வாசித்து எங்களை இழுத்து வருபவளும் அவளே. கேட்பவர்களுக்கு அது தெரியாது. எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

சென்ற ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சாயிற்று. அச்சகத்திலிருந்து வந்த திருத்தப் படியை அலுவலகத்தில் கொடுக்கும்படி எங்களில் இருவரிடம் தந்தார்கள். வழியில் பிரித்துப் பார்த்தோம். வரவேற்புப் பாடல் என்பதற்கு நேரே எங்கள் ஐந்து பெயர்களும் அழகாக இருந்தன. ஆறாவது பெயர் இல்லை. “பக்க வாத்தியத்துடன்” என்று மட்டும் இருந்தது. எழுதிக் கொடுத்தவர் யாரோ மறந்துவிட்டார். மறந்தவரைக் குறை சொல்வதற்கில்லை. நாங்கள் பார்த்தோம்; பார்த்தும் பேசாமல் கொண்டுபோய்க் கொடுத்தோம். எங்கள் பெயர் இருந்ததல்லவா, அந்த மகிழ்ச்சியில் வாய் அடைத்துப்போயிற்று. ஒரு நிமிடம் நின்று, “இன்னொரு பெயர் விட்டுப்போயிற்று” என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

விழாவன்று அவள் ஒரு தந்தியும் பிசகாமல் வாசித்தாள். மறுநாள் முதல் பாடற்குழுவுக்கு வரவில்லை. கேட்டபோது, “பன்னிரண்டாம் வகுப்பு வருகிறது, படிக்க வேண்டும்” என்றாள். ஜூனில் பள்ளி திறந்தது. ஜூலை மாத முதல் வெள்ளியன்று கிட்டார் இல்லாமல் பாடினோம். இரண்டாவது அடியிலேயே ஆளுக்கொரு சுருதியில் போனோம். அன்று மாலை பாடற்குழுவைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் எங்களை அழைத்து விசாரித்தார்கள். முதலில் மழுப்பினோம், பிறகு உண்மையைச் சொன்னோம். சிஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. “ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதுங்கள். கிட்டார் வாசித்து வாழ்ந்த ஒருவரைப் பற்றி எழுதுங்கள். எழுதி முதலில் அவளிடம் காட்டுங்கள்” என்றார்கள்.

இது தண்டனையா, பாடமா என்று தெரியாமலே எழுதத் தொடங்கினோம். எங்களுக்குக் கிடைத்தவர், நாடறிந்த ஒருவர். ஆனால் அவர் கிட்டார்க்காரராக இருந்த காலத்தைப் பற்றி நாங்கள் ஒன்றும் அறியோம். அவர்தாம் இசைஞானி இளையராஜா அவர்கள்.

இன்றைய தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பண்ணைப்புரம் என்றொரு சிற்றூர். அங்கே 1943ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிறந்தவர் அவர். தந்தை இராமசாமி, தாய் சின்னத்தாயம்மாள். பள்ளியில் பெயர் ராஜையா. தந்தையை இளமையிலேயே இழந்த குடும்பம். படிப்புக்குப் பணமில்லாமல், வைகை அணை கட்டும் இடத்தில் கூலி வேலையும் பார்த்திருக்கிறார். மூத்தவர் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் மக்கள் மெட்டில் பாட்டுக் கட்டிப் பாடியவர். அண்ணன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அவருடைய ஆர்மோனியத்தில் தம்பி விரல் பழகினார். பதினான்கு வயதளவில் அண்ணன் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சென்றார். பாஸ்கர், கங்கை அமரன் ஆகிய சகோதரர்களும் உடன் இருந்தார்கள். வயற்காட்டுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் அவர் காதில் சேர்ந்தது அந்த நாட்களில்தான்.

1968ஆம் ஆண்டு, இருபத்தைந்து வயதில், சென்னைக்குப் புறப்பட்டார். வழிச் செலவுக்கு வீட்டில் பணம் ஏது? தாயார் வீட்டிலிருந்த ரேடியோப் பெட்டியை 400 ரூபாய்க்கு விற்று, அந்தப் பணம் முழுவதையும் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பினார். இதைப் படித்தபோது நாங்கள் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். ஏழை வீட்டில் பாட்டுக் கேட்பதற்கு இருந்த ஒரே பொருள் அந்த ரேடியோ. பிள்ளைகள் பாட்டுப் படைக்க வேண்டும் என்று, தாம் பாட்டுக் கேட்பதை அந்தத் தாய் விட்டுக்கொடுத்தார். நம் மாவட்டத்துத் தாய்மாரும் இதற்குக் குறைந்தவர்கள் அல்லர். பள்ளிக் கட்டணத்துக்காகக் காதுத் தோட்டை அடகு வைத்த தாய்மாரின் பிள்ளைகள் எங்கள் வகுப்பிலும் இருக்கிறோம்.

சென்னையில் மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் தன்ராஜ் மாஸ்டர் என்ற ஆசிரியர் இசை கற்பித்து வந்தார். கண்டிப்பானவர். ராஜையாவை “ராஜா” என்று சுருக்கி அழைத்தவர் அவரே. பாக், மொஸார்ட் முதலிய மேனாட்டு மேதைகளின் இசையை ஐந்து கோடுகளில் எழுதும் சுரக்குறியில் படிக்கவும் எழுதவும் அவரிடம் ராஜா கற்றார். கிட்டாரை முறையாகப் பயின்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரி நடத்தும் கிளாசிக்கல் கிட்டார் தேர்வை எழுதித் தங்கப் பதக்கம் பெற்றார். கர்நாடக இசையை டி.வி. கோபாலகிருஷ்ணன் அவர்களிடம் பயின்றார்.

கிட்டார் என்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நாங்களும் நினைத்ததுண்டு. எங்கள் தோழி வாசிக்கும்போது கூர்ந்து பார்த்த பிறகே விளங்கியது. ஆறு தந்திகள். கட்டைவிரல் தடித்த தந்திகளில் அடிநாதத்தை மீட்டுகிறது. மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் மெட்டையும், இடையே அதற்குத் துணையான சுரங்களையும் மீட்டுகின்றன. ஒருவரே இரண்டு மூன்று குரல்களில் பாடுவது போன்றது அது. நம் வீணையும் புல்லாங்குழலும் பெரும்பாலும் ஒரே இழையாக இராகத்தை நெய்து செல்லும். கிளாசிக்கல் கிட்டாரோ பல இழைகளை ஒரே வேளையில் நெய்யும். பல குரல்களைச் சேர்த்து நினைக்கும் பழக்கம் ராஜாவுக்கு வளர்ந்ததில் இந்தக் கருவிக்கும் பெரும்பங்கு இருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். பிற்காலத்தில் எந்தக் கருவியையும் தொடாமல், மேசைமுன் அமர்ந்து, வயலின்களுக்கும் குழலுக்கும் கிட்டாருக்கும் உரியதைத் தாளில் நேரே எழுதிக் கொடுப்பவராக அவர் விளங்கினார்.

ஆனால் அது பிற்காலம். முதலில் பிழைப்பு வேண்டும். அவர் கூலிக்கு வாசிக்கும் கிட்டார்க்காரரானார். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்று ஊதியம். வங்காளத்து இசையமைப்பாளர் சலீல் சௌதுரி தென்னாட்டுப் படங்களுக்கு இசையமைத்தபோது அவருக்குக் கிட்டார் வாசித்தார். இந்தக் கிட்டார்க்கார இளைஞர் ஒருநாள் நாட்டின் சிறந்த இசையமைப்பாளராவார் என்று சலீல் சௌதுரி சொன்னதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். பிறகு ஜி.கே. வெங்கடேஷ் என்ற இசையமைப்பாளரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். ஏறத்தாழ 200 படங்கள் அவருடன் பணியாற்றினார். அவற்றுள் பெரும்பாலானவை கன்னடப் படங்கள்.

இந்த இடத்தில் எங்களுக்கு ஒரு வியப்பு. நம் தருமபுரி மாவட்டம் கர்நாடக எல்லையில் இருப்பது. ஒகேனக்கல்லில் ஆற்றுக்கு அக்கரை கர்நாடகம். வீட்டில் கன்னடம் பேசும் குடும்பங்கள் இங்கே பல. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீடும் அப்படித்தான். அவளுடைய பாட்டியை அஜ்ஜி என்றுதான் நாங்களும் அழைப்போம். 1972ஆம் ஆண்டு ராஜ்குமார் நடித்து வெளிவந்து வெற்றி பெற்ற ‘பங்காரத மனுஷ்ய’ படத்துக்கு இசை ஜி.கே. வெங்கடேஷ்தான் என்று அறிந்ததும் அஜ்ஜியிடம் ஓடினோம்.

“அந்தப் படமா! மாட்டு வண்டி கட்டிக்கிட்டுப் போய்ப் பார்த்தோம், கண்ணு” என்று சொல்லி, அஜ்ஜி இரண்டு பாட்டைப் பாடியே காட்டினார்கள்.

“அஜ்ஜி, அதில் கிட்டார் வாசித்தவர் யார், தெரியுமா?”

“அது எனக்கென்ன தெரியும்? பாட்டு நல்லாயிருந்துச்சு, அவ்வளவுதான்.”

எங்களுக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. இளையராஜா வெங்கடேஷுடன் இருந்த ஆண்டுகள் அவை. ஆனால் எந்தப் பாட்டில் எந்த விரல் என்று படத்தின் தொடக்க எழுத்துகளில் எழுதியிராது. இசைத்தட்டின் உறையிலும் இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் பெயர்களோடு முடிந்துவிடும். அன்னக்கிளி வருவதற்கு முன்பே நம் மாவட்டத்துக் காதுகளில் அவருடைய கிட்டார் விழுந்திருக்கக்கூடும். நாம் அதற்குப் பெயர் அறியாமல் தலையசைத்திருப்போம்.

அந்நாளைய ஒலிப்பதிவின் முறையையும் இங்கே சொல்ல வேண்டும். இன்று ஒருவர் காலையிலும் மற்றவர் மாலையிலும் தனித்தனியே வாசித்துப் பின்னர்ச் சேர்த்துக்கொள்கிறார்கள். அன்று பாடகர், வயலின்காரர், தபேலாக்காரர், கிட்டார்க்காரர் எல்லாரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் இசைப்பார்கள். ஒலிநாடா சுழலும். கடைசி அடியில் கிட்டாரில் ஒரு சுரம் பிசகினாலும், முப்பது நாற்பது பேரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சரியாக வாசித்தால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தவறினால் கூடமே திரும்பிப் பார்க்கும். இத்தகைய வேலையில் ஆண்டுக்கணக்காக நிலைத்திருப்பதற்கு எவ்வளவு கவனமும் பணிவும் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எட்டு ஆண்டுகள் இவ்வாறு சென்றன. கதாசிரியர் ஆர். செல்வராஜ் தம் நண்பரைப் படத் தயாரிப்பாளரும் கவிஞருமான பஞ்சு அருணாசலத்திடம் அறிமுகம் செய்து வைத்தார். ‘அன்னக்கிளி’ படத்துக்கு இசையமைக்கும் வாய்ப்பு வந்தது. ஏ.எம். ராஜா என்ற புகழ்பெற்ற பாடகரும் இசையமைப்பாளரும் ஏற்கெனவே இருந்ததால், ராஜா என்ற பெயருக்கு முன்னே ‘இளைய’ என்று சேர்த்தவர் பஞ்சு அருணாசலமே. முதல் பாடல் ஒலிப்பதிவு தொடங்கும் வேளையில் மின்சாரம் நின்றுபோயிற்றாம். சகுனம் சரியில்லை என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. எங்கள் ஒத்திகையில் மின்சாரம் போகும்போதெல்லாம் இப்போது நாங்கள் இதைச் சொல்லிச் சிரித்துக்கொள்கிறோம். படம் 1976ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. பண்ணைப்புரத்து வயற்காட்டு மெட்டும் மயிலாப்பூர் அறையில் கற்ற மேனாட்டு இசையும் கைகோத்து வந்தன. தமிழ்நாடே பாடிற்று.

அதன்பின் நடந்தவை அனைவரும் அறிந்தவை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள், ஐந்து தேசிய விருதுகள், 2010இல் பத்மபூஷண், 2018இல் பத்மவிபூஷண். தியாகராஜ சுவாமிகளுக்கும் பாக் என்ற ஜெர்மானிய மேதைக்கும் காணிக்கையாக 1986இல் ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். அந்தத் தொகுப்பின் ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொன்னால், “இதற்கு எப்படிப் பெயரிடுவது?” என்று பொருள்படும். 1993இல் லண்டன் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுக்காகச் சிம்பொனி எழுதினார். 2005இல் மாணிக்கவாசகரின் திருவாசகத்தைச் சிம்பொனி முறையில் அமைத்தார். அதை வெளியிடும் முயற்சியில் முன்நின்றவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர், அருட்தந்தை ஜெகத் கஸ்பார் ராஜ் அவர்கள். 2022இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 2025ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், எண்பத்தொரு வயதில், லண்டன் அரங்கில் ‘வேலியன்ட்’ என்ற தம் சிம்பொனியை அரங்கேற்றினார்.

இவ்வளவும் எழுதி, “பொறுமையுடன் உழைத்தால் ஒருநாள் பெயர் வந்தே தீரும்” என்று முத்தாய்ப்பும் வைத்து, எங்கள் தோழியிடம் கொண்டுபோனோம். மதிய உணவு வேளையில் வேப்பமரத்தடியில் அமர்ந்து முழுவதையும் படித்தாள். படித்து முடித்து அவள் சொன்னது இதுதான்:

“நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவருக்குக் கடைசியில் பெயர் கிடைத்தது. கிடைக்காமலே போனவர்கள் எத்தனை பேர்? அந்தக் கூடத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர் யார்? அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.”

எங்களிடம் பதில் இல்லை. தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தோம். இரண்டு நாள் கழித்து மறுபடியும் தேடத் தொடங்கினோம். இம்முறை கேள்வியை மாற்றிக்கொண்டோம். இசையமைத்தவர் யார் என்று தேடவில்லை. வாசித்தவர் யார் என்று தேடினோம்.

தேடினால் கிடைக்கிறார்கள். மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் குழுவில் பிலிப்ஸ் என்ற கிட்டார்க் கலைஞர் இருந்திருக்கிறார். இளையராஜா தாமே இசையமைப்பாளரான பிறகு, அவருடைய தாள்களைப் பார்த்து வாசித்தவர்களுள் சதானந்தம் ஒருவர். ஆர். சந்திரசேகர் மற்றொருவர். 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாடலைக் கிட்டார் பிடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் வாசிக்க ஆசைப்படுகிறது. எங்கள் தோழியும் அதைத்தான் முதலில் பழகினாள். அந்தப் பாடலில் கிட்டார் வாசித்தவர் சந்திரசேகர். பாடிய எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அவர்களை அறியாதார் இல்லை. மீட்டிய விரலுக்குரியவர் பெயரை நாங்கள் பன்னிரண்டாம் வகுப்பில்தான் அறிந்தோம்.

பம்பாயில் நடந்த ஒன்றையும் படித்தோம். கோவா நாட்டுப் பங்குப் பள்ளிகளில் சிறுவர்களுக்குச் சுரக்குறி படிக்கக் கற்றுக்கொடுப்பது வழக்கம். கோவிலில் பாடவும் வயலின் வாசிக்கவும் கற்ற அப்பிள்ளைகளுள் பலர் பம்பாய்க்குச் சென்று இந்திப் படங்களின் இசைக்குழுக்களில் வாசித்தார்கள். அவர்களுள் அந்தோணி கொன்சால்வஸ் என்ற வயலின் ஆசிரியரும் ஒருவர். அவரிடம் பயின்ற பியாரேலால் பின்னாளில் லட்சுமிகாந்துடன் இணைந்து பெரிய இசையமைப்பாளரானார். 1977இல் ‘அமர் அக்பர் அந்தோணி’ படம் வந்தபோது, கதாநாயகன் தன் பெயரைச் சொல்லிப் பாடும் ஒரு பாட்டில் தம் ஆசிரியரின் பெயரையே வைத்துவிட்டார். எத்தனையோ படங்களுக்கு வாசித்தும் மக்கள் அறியாத ஒரு பெயரை, மாணவர் ஒரே பாட்டில் நாடு முழுவதும் சொல்ல வைத்தார். குருதட்சிணை என்றால் இதுவல்லவா குருதட்சிணை!

இளையராஜாவின் வாழ்விலும் நாங்கள் முதலில் கவனிக்காமல் விட்ட ஒன்று அப்போது கண்ணில் பட்டது. அவர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த நாட்களில் தாமாகவே தாள்களில் இசை எழுதிப் பழகி வந்தார். எழுதினால் போதுமா? ஒலித்துக் கேட்டால்தானே சரியா தவறா என்று தெரியும். அதற்கு இசைக்குழு வைத்துக்கொள்ள அவரிடம் பணம் ஏது? ஆகவே இடைவேளையில், கலைஞர்கள் இளைப்பாறும் நேரத்தில், “இதை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்” என்று கேட்டுக்கொள்வாராம். அவர்களும் தம் ஓய்வை விட்டு வாசித்துக் காட்டினார்கள். அதற்காக ஒரு கால்ஷீட் எழுதப்பட்டிராது. ஒரு படத்திலும் பெயர் வந்திராது. உலகம் கேட்பதற்கு முன் இளையராஜாவின் இசையை ஒலிக்கச் செய்தவர்கள் அவர்களே. இசைஞானியின் முதல் இசைக்குழு, பெயர் தெரியாத அந்த உடன் தொழிலாளர்கள்தாம்.

இதை எழுதியபோது எங்கள் முத்தாய்ப்பு வரியை நாங்களே அடித்துவிட்டோம். பொறுமையாக இருந்தால் பெயர் வரும் என்பது எல்லார் வாழ்விலும் நடப்பதன்று. பலருக்கு வருவதே இல்லை. பெயர் வராத உழைப்பை ஆண்டவர் அறிவார் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். அது உண்மை, வாசிப்பவளுக்கு அது ஆறுதல். ஆனால் முன்னால் நின்று பாடுகிற எங்களுக்கு அது சாக்குப்போக்கு ஆகிவிடக் கூடாது. ஆண்டவர் அறிவார் என்று சொல்லி நாம் சும்மா இருந்துவிடலாமா? பார்த்தவர்கள் சொல்ல வேண்டும். அழைப்பிதழின் படியைக் கையில் வைத்திருந்தவர்கள் நாங்கள். ஒரு வார்த்தை சொல்ல வேண்டியவர்களும் நாங்களே.

அந்த வார்த்தையை நாங்கள் அவளிடம் காலம் தாழ்த்திச் சொன்னோம். “உன் பெயர் இல்லை என்பதை நாங்கள் அச்சாவதற்கு முன்பே பார்த்தோம்” என்றோம். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்குத் தெரியும். படி உங்கள் கையில் வந்ததை நான் பார்த்தேன். நீங்கள் சொல்வீர்கள் என்று நினைத்தேன்” என்றாள். பாவசங்கீர்த்தனத்தில்கூட எங்களுக்கு அவ்வளவு வெட்கம் வந்ததில்லை. அவள் கோபித்து விலகியது அச்சில் பெயர் வராததற்காக அன்று, தோழிகள் பேசாமல் இருந்ததற்காக என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

அவள் உடனே திரும்பி வந்துவிடவில்லை. ஆகஸ்ட் முழுவதும் போயிற்று. செப்டம்பர் 8, அன்னை மரியாவின் பிறந்த நாள் திருவிழாத் திருப்பலிக்கு முந்தைய மாலை நாங்கள் ஒத்திகையில் தடுமாறிக்கொண்டிருந்தபோது, கதவோரம் வந்து நின்றாள். கையில் கிட்டார். “சுருதி ஏறிப்போகிறது” என்று மட்டும் சொன்னாள். முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குறடை எடுத்து உடைந்த ஆணியைத் திருகத் தொடங்கினாள். அன்றிலிருந்து அவளுடைய கிட்டார் ஓரத்தில் இல்லை. முக்காலியை நடுவில் போட்டுச் சுற்றி நின்று பாடுகிறோம். அப்படி நின்றால் சுருதியும் நன்றாகக் கேட்கிறது.

எங்கள் பாட்டிமார் சிறுமிகளாக இருந்தபோது திருப்பலி இலத்தீனில் நடந்தது. கோவில்களில் ஆர்மோனியமோ ஆர்கனோ ஒலித்தது. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. அது தாய்மொழிக்கு வழி திறந்தது. ஆர்கனுக்குரிய மதிப்பைச் சொல்லிவிட்டு, வழிபாட்டுக்குத் தகுதியான பிற கருவிகளையும் ஏற்றுக்கொள்ளலாம் என்றது. அந்த வாசல் வழியாகத்தான் கிட்டார் நம் பீடத்தருகே வந்தது. கருவியை உள்ளே அழைத்த நாம், அதை மீட்டும் பிள்ளையையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டாமா?

அன்புச் சகோதரிகளே, பாட்டுக்கு மட்டும் இது பொருந்துவதன்று. நாடகத்தில் திரை இழுப்பவள், விளையாட்டு விழாவுக்குக் கோடு போடும் அண்ணன், ஆய்வுக்கூடத்தில் குப்பிகளைக் கழுவி அடுக்கும் அக்கா, சத்துணவு சமைக்கும் அம்மா என்று நம் பள்ளியிலேயே பெயர் கேட்கப்படாதவர்கள் பலர். ஒருநாள் ஒருவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதிக நேரம் பிடிக்காது. நாங்கள் கணக்கிட்டுப் பார்த்தோம், அரை நிமிடம் போதும்.

கட்டுரையில் எங்கள் தோழியின் பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். கதையில் வருகிறவளாக அச்சில் வருவதற்கு அவளுக்கு விருப்பமில்லை. வாசிப்பவளாக வருவதற்கு விருப்பம். ஆகவே இம்மலரில் பாடற்குழுவின் படம் உள்ள பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இம்முறை திருத்தப் படியை நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து படித்துப் பார்த்தே அச்சகத்துக்கு அனுப்பினோம். நடுவில் அமர்ந்திருப்பவள் அவள். கீழே முதல் வரியில், ‘கிட்டார்’ என்ற சொல்லுக்கு நேரே அவள் பெயர் இருக்கிறது.